பின்வருவோர்க்கு ஒரு விளக்கு

மனிதன் இரவிற் செல்லும்போது ஏற்றுகின்ற விளக்குகள் இருவகைப்படும். ஒன்று, தான் காண்பதற்கு ஏற்றுவது. மற்றொன்று, தன்னைப் பிறர் காண்பதற்கு ஏற்றுவது. வண்டியின் முன்விளக்கு முதல்வகையைச் சார்ந்தது. பின்விளக்கு இரண்டாம் வகையைச் சார்ந்தது. முன்விளக்கால் ஓட்டுகின்றவனுக்குப் பயன் உண்டு; பள்ளமும் மேடும், பாம்பும் பசுவும் அவன் கண்ணுக்குப் புலனாகின்றன. பின்விளக்கின் ஒளியையோ, அவன் தன் இருக்கையில் இருந்தபடி ஒருநாளும் நேரே கண்டதில்லை. செலவு அவனுடையது, வெளிச்சம் முழுதும் பின்னால் வருகின்ற, பெயரறியாத, முகமறியாத ஒருவனுடையது. இதனாலன்றோ முன்விளக்குக் கெட்டால் அன்றே கடைக்கு ஓடுகின்ற நாம், பின்விளக்குக் கெட்டால் மாதக்கணக்கில் அறியாமலும், அறிந்தபின் பொருட்படுத்தாமலும் இருந்துவிடுகின்றோம்!

இவ்வகையில் நம் பாட்டன்மார் நம்மினும் மேலானவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுச் சாலைகளில் இரவிற் சென்ற மாட்டுவண்டிகளின் அடியில், அச்சுக்குப் பக்கத்தில், ஓர் அரிக்கேன் விளக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டிக்காரன் பாதி வழி உறங்குவான். வழியறிந்த மாடுகள் தாமே நடக்கும். மாடுகளுக்கு அவ்விளக்கு வேண்டியதில்லை. உறங்குகின்றவனுக்கும் வேண்டியதில்லை. பின் யாருக்காக அது ஆடி ஆடி எரிந்தது? எதிரே வருவோர்க்கும் பின்னே வருவோர்க்குமே எரிந்தது. மலாயாவிற் குடியேறிய தமிழருள்ளும் பலர் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தனர். காலம் சென்றது, மாடு போய் லாரி வந்தது, லாரியோடு டிராக்டரும் பிக்கப்பும் வந்தன. வண்டி மாறிய வேகத்தில், அச்சடியில் தொங்கிய அந்த விளக்கு மட்டும் வழியில் எங்கோ அறுந்து விழுந்துவிட்டது போலும்.

இக்கட்டுரையில் யான் சொல்லவந்த செய்தி சிறியது. டிரெய்லர் என்று எல்லோரும் வழங்குகின்ற பின்வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் சாக்கெட் ஒன்றை, ஒரு பிக்கப்பின் பின்தொட்டியிற் பொருத்திய செய்தி அது. உள்ளங்கையில் அடங்கும் பொருள். ஒரு பகற்பொழுதில் முடியும் வேலை. ஆயினும் அவ்வேலையைச் செய்யும்போது யான் கற்றுக்கொண்டவை ஒரு பகற்பொழுதில் அடங்குவன அல்ல. அவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் ஊரைப்பற்றி இரண்டொரு வார்த்தை. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தென் எல்லையில் உள்ளது எங்கள் தம்பின். அதனை ஒட்டியிருக்கும் புலாவ் செபாங், மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. வெளியூரார்க்கு இரண்டும் ஒரே ஊராகத்தான் தோன்றும். ரயில் நிலையம் மலாக்காப் பக்கத்தில் இருக்கிறது. ஆயினும் அதன் பெயரில் தம்பினும் சேர்ந்தே நிற்கிறது. 1905ஆம் ஆண்டு இங்கிருந்து மலாக்காப் பட்டினத்திற்கு ஒரு கிளை இருப்புப்பாதை போடப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசென்றனர். அந்த மரணப் பாதையில் நம்மவர் எத்தனையோ ஆயிரவர் மாண்டது தெரிந்த வரலாறு. பெயர்த்தெடுத்த கிளைப்பாதையோ மீண்டும் போடப்படவேயில்லை. ஆகவே, இணைப்பு என்பது யாது, இணைப்பு அறுதல் என்பது யாது என்பதைத் தம்பின்காரனுக்கு ஒருவர் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

ரயில்வண்டியிடத்தில் நாம் அறிந்துகொள்ளத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றிய இருப்புப்பாதைகளில், வண்டித்தொடரின் கடைசிப் பெட்டிக்குப் பின்னே ஒரு விளக்கு மாட்டப்பட்டிருக்கும். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது சைகைக்காரர் எஞ்சினைப் பார்ப்பதோடு நில்லார். கடைசிப் பெட்டியின் விளக்கு வந்துவிட்டதா என்று பார்த்திருப்பார். அவ்விளக்கு வந்தால் தொடர் முழுதும் வந்தது என்று பொருள். வாராவிட்டால், இடையே எங்கோ இணைப்பு அறுந்து, சில பெட்டிகள் வழியில் நிற்கின்றன என்று பொருள். உடனே பின்வரும் வண்டியை நிறுத்துவார். எஞ்சின் எவ்வளவு ஆரவாரத்தோடு வந்தாலும், கடைசி விளக்கு வாராமல் வண்டி வந்ததாகக் கணக்கில்லை. இதனினும் நேர்மையான கணக்கு ஒன்றை யான் கண்டதில்லை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். ரெப்பா, ரீஜென்ட் முதலிய பெயர்களைக் கேட்டாலே இவ்வட்டாரத்துத் தமிழர் பலர்க்கு லயத்து வீடும், பிரட்டுக்களமும், தமிழ்ப்பள்ளியும் நினைவுக்கு வரும். பால்மரம் நின்ற இடங்களிற் பெரும்பாலும் இப்பொழுது செம்பனை நிற்கிறது. பால் வெட்டும் வேலை விடியலில் தொடங்கி நண்பகலுக்குள் முடிந்துவிடும். செம்பனை வேலையின் இயல்பு வேறு. வெட்டிய குலையை ஒருநாளைக்குள் ஆலைக்குக் கொண்டுசேர்த்தல் வேண்டும்; தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி, எண்ணெயின் தரம் கெடும். ஆகவே, வெட்டு முடிந்த பின்பும் ஏற்றுதல் நடக்கும். ஏற்றுதல் முடிவதற்குள் பொழுது சாயும். நம் நாட்டில் அந்தி நெடுநேரம் நிற்பதில்லை. ஏழு மணியை ஒட்டிக் கதிரவன் மறைந்தால், அரைமணி நேரத்துக்குள் செம்பனைக்காடு கரிய சுவராகிவிடும். குலை ஏற்றிய பின்வண்டிகள் அவ்வேளையில்தான் செம்மண் பாதையைவிட்டுத் தார்ச்சாலைக்கு ஏறும்.

அத்தார்ச்சாலையோ சிறிய சாலை அன்று. சிரம்பானிலிருந்து ரெம்பாவ், தம்பின், கெமஞ்சே வழியாகத் தெற்கே சிகாமட்டை நோக்கிச் செல்லும் முதலாம் எண் கூட்டரசுச் சாலை அது. பெருலாரிகளும் பேருந்துகளும் விரையும் பாதை. அவற்றோடு, தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்களும் செல்கின்றன. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளிற் செல்வோரே என்பது ஆண்டுதோறும் நாம் கேட்கும் கணக்கு. அவர்களிற் பலர் இளைஞர். பலர் ஒரு குடும்பத்தின் ஒரே சம்பாத்தியம்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மையாரின் மகன் அவர்களுள் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அந்தியில், இரவு வேலைக்குப் புறப்பட்டுப்போனவன், விளக்கில்லாத ஒரு பின்வண்டியின்மேல் மோதினான். அதில் விளக்குகள் இல்லாமலில்லை. இரண்டு விளக்குகளும் இருந்தன. அவற்றுக்கு வரும் வயர்தான் இழுக்கும் வண்டியோடு இணைக்கப்படாமல், கம்பியிற் சுற்றிக் கட்டிக் கிடந்தது. பையன் பிழைத்தான், வலக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. மருத்துவமனையிலிருந்து அவனை அழைத்துவந்த மாலை, அந்த அம்மையார் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "தம்பி, அந்தச் சிவப்பு விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் வயர் என்ன விலை இருக்கும்?" சில வெள்ளிகளே ஆகும் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. அவர் மறுபடியும் கேட்கவில்லை. விடையை என் முகத்திலிருந்தே அறிந்துகொண்டார்.

நிற்க. சென்ற ஆண்டு யான் ஒரு பழைய பிக்கப்பும், ஒரு சிறு பின்வண்டியும் வாங்கினேன். எங்களுக்கு இருக்கும் சிறிய செம்பனைத் துண்டுக்கு உரமூட்டையும், மருந்தடிக்கத் தண்ணீர்த் தொட்டியும் கொண்டுபோவதற்கு அவை வேண்டியிருந்தன. பின்வண்டி ஒருநாளேனும் சாலை ஏறுமுன் அதன் விளக்குகளைச் சரிசெய்துவிடுவது என்று உறுதிகொண்டேன். பிக்கப்பின் பின்பக்கப் பம்பருக்குக் கீழே முன்னைய உடையவர் பொருத்திய சாக்கெட் ஒன்று இருந்தது. அதன் மூடி உடைந்து, வாய்முழுதும் செம்மண் அடைத்து, பித்தளை முட்கள் பச்சைப் பாசம் பூத்துக் கிடந்தன. தோட்டப் பாதையில் அவ்விடத்திற் சாக்கெட் இருத்தல் அரிது. மழைக்காலத்தில் சக்கரம் வாரியடிக்கும் சேறும், பாதையிற் கிடக்கும் செம்பனை மட்டையின் முள்ளும் அதனை விட்டுவைப்பதில்லை.

அப்படியானால் சாக்கெட்டை எங்கே வைப்பது? பின்தொட்டியின் உட்சுவரில், தரையிலிருந்து உயரத்தில் வைப்பதே நலம் என்று முடிவு செய்தேன். இது புதுமை அன்று. அமெரிக்க நாட்டிற் குதிரைகளையும் மாடுகளையும் ஏற்றும் பெரிய பின்வண்டிகள் சிலவற்றின் கழுத்து, வாத்தின் கழுத்தைப்போல் வளைந்து, பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயே வந்து, பின்னச்சுக்கு மேலே உள்ள குண்டிற் பொருந்துகிறது. அவ்வண்டிகளுக்குப் பம்பரில் உள்ள சாக்கெட் பயன்படாது. வயரைப் பின்கதவுக்கு மேலே தொங்கவிட்டால் உராய்ந்து தேயும், அல்லது கழன்றுவிடும். ஆகவே, தொட்டியின் பக்கச் சுவரில் இரண்டாவது சாக்கெட் ஒன்றை வைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அவர்கள் கழுத்தின் பொருட்டுச் செய்ததை யான் சேற்றின் பொருட்டுச் செய்தேன். என் பின்வண்டி வழக்கம்போலப் பம்பருக்குப் பின்னால் மாட்டுவது. ஆகலின் வயர் தொட்டியின் மூலையிலிருந்து கீழிறங்கிவர இடம்விட்டுக்கொண்டேன்.

வேலையைத் தனியே தொடங்காமல், தம்பினில் நெடுங்காலமாக வண்டிகளுக்கு வயர் வேலை செய்யும் பெரியவர் ஒருவரை நாடினேன். அவர் அதிகம் பேசுபவர் அல்லர். யான் வாங்கிவந்த ஏழுமுள் சாக்கெட்டைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த நாட்டுக் கணக்கு?" என்று கேட்டார். அக்கேள்வியின் ஆழம் எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

ஏழு முட்களையுடைய சாக்கெட்டுகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. ஐரோப்பிய முறையில், மஞ்சள் வயர் இடப்பக்கத் திருப்ப விளக்குக்கு; பச்சை வலப்பக்கத் திருப்ப விளக்குக்கு; சிவப்புப் பிரேக் விளக்குக்கு; பழுப்பு வலப்பக்கப் பின்விளக்குக்கு; கறுப்பு இடப்பக்கப் பின்விளக்குக்கு; நீலம் பனிமூட்ட விளக்குக்கு; வெள்ளை, எர்த் என்று நாம் வழங்கும் மீள்வழிக்கு. அமெரிக்க முறையிலோ, மஞ்சளும் பச்சையும் திருப்ப விளக்கையும் பிரேக் விளக்கையும் சேர்த்தே ஏந்துகின்றன. பழுப்பு இரண்டு பின்விளக்குகளுக்கும் பொது. நீலம் பின்வண்டியின் மின்பிரேக்குக்கு. கறுப்போ, பாட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரம். ஒரு நாட்டிற் சிறு விளக்கொன்றை ஏற்றும் கறுப்பு, மற்றொரு நாட்டில் பாட்டரியின் முழுவலிமையையும் சுமந்து நிற்கிறது! நிறத்தை மட்டும் நம்பி இணைத்தால் விளையும் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

பெரியவர் நிறத்தை நம்பவில்லை. ஒரு முனையில் ஊசியும் மறுமுனையில் கவ்வியும் உள்ள சிறு சோதனை விளக்கை எடுத்தார். என்னைப் பிக்கப்பில் அமரச் செய்து, "இடது போடு, வலது போடு, பிரேக்கை மிதி" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்த வயரில் எப்பொழுது விளக்கு எரிகிறது என்று பார்த்துப் பார்த்து, சிறு துணிப்பட்டையில் எண் எழுதி ஒட்டினார். என் வண்டி சயாமிற் செய்யப்பட்டது. அதில் திருப்ப விளக்கு வேறாகவும் பிரேக் விளக்கு வேறாகவும் இருப்பதால், ஐரோப்பிய முறையே நேராகப் பொருந்தும் என்று தெளிந்தோம். பழைய உடையவர் பூட்டிய வயர்களில் இரண்டு நிறம் மாறியிருந்ததும் அச்சோதனையாற் புலப்பட்டது. "நிறம் சொல்வது சொல், விளக்குச் சொல்வது சாட்சி" என்றார் அவர். பிறப்பையும் நிறத்தையும் பார்த்து மனிதனுக்கு மதிப்பிடும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியாத நம் சமூகத்துக்கு, ஒரு வயர் வேலைக்காரர் பட்டறையில் இருந்தபடி சொன்ன பாடம் இது.

எல்லா வயர்களினும் வெள்ளை வயரிடத்தில் அவர் காட்டிய அக்கறையே எனக்குப் பெருவியப்பைத் தந்தது. மற்ற வயர்களுக்கு ஒவ்வொரு விளக்கு உண்டு, பெயர் உண்டு. வெள்ளை வயருக்கு விளக்கு இல்லை. அது எதனையும் ஏற்றுவதாகத் தெரியாது. ஆனால் மற்ற ஆறு வயர்கள் கொண்டுபோகும் மின்சாரம் அனைத்தும் அதன் வழியாகவே திரும்பவேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு பிரேக் விளக்குகள், ஒவ்வொன்றும் 21 வாட். இரண்டு பின்விளக்குகள், ஒவ்வொன்றும் 5 வாட். திருப்ப விளக்கு ஒன்று 21 வாட். ஆகக்கூடி 73 வாட். 12 வோல்ட் பாட்டரிக்கு ஏறக்குறைய 6 ஆம்பியர். ஒரு பின்விளக்கு வயர் அரை ஆம்பியருக்கும் குறைவாகச் சுமக்கும்போது, வெள்ளை வயர் ஒன்று மட்டும் ஆறு ஆம்பியரையும் சுமக்கின்றது.

ஜெர்மன் அறிஞர் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இவ்விடத்தில் நமக்குக் கைகொடுக்கும். ஆறு மீட்டர் நீளமுள்ள செம்பு வயர், அரைச் சதுர மில்லிமீட்டர் பருமனுடையதாயின், ஆறு ஆம்பியர் அதன் வழிச் செல்லும்போது சுமார் ஒன்றேகால் வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் பருமனுடையதாயின் தொலைவது 0.4 வோல்ட்டே. ஒன்றேகால் வோல்ட் என்பது பன்னிரண்டிற் பத்திலொரு பங்கு. அற்பம் என்று தோன்றும். அற்பம் அன்று. இழை விளக்கில் மின்னழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்தால், வெளிச்சம் மூன்றிலொரு பங்கு வரை குறைந்துவிடும். கடையிற் சில காசு மிச்சம்பிடித்து மெல்லிய வயர் வாங்குகின்றவன், பின்னே வருகின்றவனின் வெளிச்சத்திலிருந்து அக்காசை எடுக்கின்றான்.

வெள்ளை வயர் முற்றும் அறுந்துவிட்டாலோ, விந்தையான குழப்பம் விளையும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கும். இடப்பக்கம் திருப்ப விளக்கைப் போட்டால் எல்லா விளக்குகளும் மினுக்மினுக்கென்று துடிக்கும். மின்சாரம் திரும்பிச்செல்லத் தன் வழியை இழந்து, பிற விளக்குகளின் இழைகளுக்குள் புகுந்து வழிதேடுவதே காரணம். சிலர் எர்த் வயரையே போடாமல், பின்வண்டியைப் பிக்கப்போடு பூட்டும் இரும்புக் குண்டே போதும் என்று விட்டுவிடுகின்றனர். அக்குண்டில் கிரீஸும் துருவும் உள்ளன. மேடுபள்ளத்தில் தொட்டும் தொடாமலும் ஆடும். தொட்டபோது எரியும், விட்டபோது அணையும் விளக்கை நம்பி யார் பின்வருவது? எந்த அமைப்பிலும் பெயரின்றிப் பெருஞ்சுமை தாங்குகின்ற ஒன்று இருக்கும். அதனை அற்பமாக எண்ணி விட்டுவிட்டால், மேலே ஒளிர்கின்றவை அனைத்தும் குழம்பும். இந்நாட்டின் இருப்புப்பாதைகளையும் ரப்பர்க்காடுகளையும் உண்டாக்கிய நம் முன்னோரை நினைத்தபோது, வெள்ளை வயர் எனக்கு வெறும் வயராகத் தோன்றவில்லை.

இனி, வேலை நடந்த முறையைச் சுருங்கச் சொல்லுகின்றேன். செய்ய விரும்புவோர்க்குப் பயன்படும். முதலிற் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவைத்தோம். துளையிடப்போகும் இடத்தின் மறுபுறத்தைக் கீழே படுத்துப் பார்த்தோம். எரிபொருட்குழாய் செல்லும் பக்கத்தை விட்டு, மறுபக்கத்தைத் தேர்ந்தோம். வட்ட ரம்பத்தால், ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவில் தொட்டிச் சுவரைத் துளைத்தோம். துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, வெறும் இரும்பு தெரியாதபடி இருமுறை வண்ணம் பூசினோம். நம் மழைநாட்டில் வண்ணம் பூசாத துளை, ஓராண்டிற் சுவரைத் தின்னும் துளை. பழைய சாக்கெட்டுக்குப் பின்னால் வந்த வயர்க்கட்டு நலமாகவே இருந்தமையால், அதிலிருந்து இரண்டாகப் பிரியும் இணைப்பு ஒன்றைக் கொடுத்து, புது வயரை அடிச்சட்டத்தின் உட்பக்கமாகக் கொண்டுவந்தோம். சூடேறும் புகைக்குழாயை அணுகாமலும், ஆடும் உறுப்புக்களைத் தொடாமலும், ஒரு சாணுக்கு ஒரு கட்டாகக் கட்டினோம். வயர் இரும்பைக் கடந்து செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் இட்டோம். சாக்கெட்டின் மூடி மேலிருந்து கீழ்நோக்கிக் கவிழும்படி பொருத்தி, முட்களுக்கு மின்கிரீஸ் பூசினோம். பின்வண்டியின் விளக்குச் சுமை பிக்கப்பின் சொந்த விளக்கு வயர்களின்மேல் ஏறாதபடி, பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக மின்சாரம் எடுக்கும் சிறு ரிலேப் பெட்டி ஒன்றையும் இடையே வைத்தோம். பின்வண்டியிலிருந்து வரும் வயரின் நீளம், வண்டி முழுதும் திரும்பினாலும் இழுபடாத அளவுக்கும், நேராகச் செல்லும்போது தரையில் உராயாத அளவுக்கும் அமைந்தது. இடையிற் கஞ்சிநேரம் தவிர, காலையில் தொடங்கிய வேலை மாலையில் முடிந்தது.

இதனைப் பார்த்த நண்பர் சிலர் கூறிய தடைகளையும் ஈண்டு ஆராய்தல் நேர்மையாகும். "தோட்டத்துக்குள் ஓடுகின்ற வண்டிக்கு விளக்கு எதற்கு?" என்றார் ஒருவர். தோட்டத்துப் பாதையில் நடப்போரும் சைக்கிளிற் செல்வோரும் மனிதர் அல்லரோ? அன்றியும், தோட்டத்துக்குள்ளேயே பிறந்து தோட்டத்துக்குள்ளேயே மாளும் பின்வண்டி எங்கே உளது? ஆலை சாலைக்கு அப்பால் இருக்கும்வரை, ஒவ்வொரு வண்டியும் ஒருநாள் சாலை ஏறியே தீரும். "சிவப்பு ஒட்டுத்தகடு ஒட்டினாற் போதாதோ?" என்றார் மற்றொருவர். ஒட்டுத்தகடும் வேண்டியதே, யானும் ஒட்டியிருக்கின்றேன். ஆனால் அதற்குச் சொந்த ஒளி இல்லை. பிறர் விளக்கு விழுந்தால்தான் மின்னும். சேறு மூடினால் அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குப் பேசத்தெரியாது. 'நிற்கப்போகிறேன்', 'இடப்பக்கம் திரும்பப்போகிறேன்' என்று சொல்ல அதனால் ஆகாது. சொல்லாமல் நிற்பதும் சொல்லாமல் திரும்புவதும் அன்றோ சாலையில் உயிர்களை வாங்குகின்றன?

"மோட்டார் சைக்கிளிற் செல்பவன் பார்த்துச் செல்லட்டுமே" என்றார் மூன்றாமவர். அவனோ தன் கடமையைச் செய்தே வருகின்றான். 1992ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பட்டப்பகலிலும் முன்விளக்கை எரியவிட்டே செல்லவேண்டும் என்பது சட்டம். பகலில் அவ்விளக்கு அவனுக்கு எதனைக் காட்டும்? ஒன்றையும் காட்டாது, அவனைப் பிறர்க்குக் காட்டும். இரண்டு சக்கரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு செல்லும் எளியவன், பகலிலும் விளக்கேற்றித் தன்னைக் காட்டிக்கொள்ளுகின்றான். டன் கணக்கிற் குலையேற்றிச் செல்லும் வலியது இரவிலும் தன்னைக் காட்டாது செல்லலாம் என்பது எந்த நாட்டு நீதி? எளியவனுக்கு மட்டும் கடமை, வலியவனுக்கு மட்டும் உரிமை என்னும் பழைய கணக்கன்றோ இது! அக்கணக்கைச் சாலையிலும் திருத்தவேண்டும். சாலைக்கு வெளியிலும் திருத்தவேண்டும்.

தோட்டத்திலிருந்து புறப்பட்டுப் படித்து, பட்டணத்தில் உயர்ந்த வேலைகளில் அமர்ந்த நம்மவர் இன்று பலர் உளர். அவர்தம் முன்விளக்குகள் நன்றாக எரிகின்றன, மகிழ்ச்சியே. ஆயினும், அவர் வந்த வழியிலேயே பின்னால் வரும் தோட்டத்துப் பிள்ளைக்கு, எந்தப் பள்ளிக்கு மனுச் செய்வது, எந்தத் தொழிலைக் கற்பது, எங்கே வளைவு, எங்கே பள்ளம் என்று காட்டும் சிவப்பு விளக்கு ஒன்று அவர்தம் வண்டியின் பின்னே எரிகின்றதா? முன்னே சென்றவர் எத்தனை பேர் என்பது மட்டும் ஒரு சமூகத்தின் கணக்கு ஆகாது. ரயில் நிலையத்துச் சைகைக்காரரைப்போல, கடைசிப் பெட்டியின் விளக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதே சரியான கணக்கு.

பக்கத்து வீட்டுப் பையன் இப்பொழுது செயற்கைக்காலோடு நடக்கின்றான். தம்பின் பெரியவரின் பட்டறையிலேயே வயர் வேலை பழகுகின்றான். தோட்டங்களிலிருந்து வரும் பின்வண்டிகளுக்கு விளக்கு மாட்டுவதில் அவனுக்கு ஒரு தனிப் பிடிவாதம் உண்டு. வேறு எந்தப் பழுதுக்காக வண்டி வந்தாலும், முதலில் வெள்ளை வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பான். அவ்வேலைக்குக் கூலி கேட்பதில்லை என்று பெரியவர் குறைபோலச் சொல்லுவார். சொல்லும் குரலிற் குறை இராது.

வண்டியுடைய அன்பர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். சாக்கெட் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடாது. புறப்படும்போதெல்லாம் சோதித்தல் வேண்டும். அச்சோதனையை ஒருவன் தன் இருக்கையில் இருந்தபடி தனியே செய்தல் இயலாது. ஒருவன் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதிக்கவேண்டும். மற்றொருவன் பின்னே நின்று பார்த்து, எரிகிறதா இல்லையா என்று சொல்லவேண்டும். வீட்டில் உள்ள சிறுபிள்ளையாயினும் போதும். நம் வண்டியின் பின்புறம் எப்படி இருக்கிறது என்பதைப் பின்னே நிற்பவரைக் கேட்டுத்தான் நாம் அறியமுடியும். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். சொல்பவர் சிறியவர் என்று தள்ளவும் வேண்டாம். "இடப்பக்கம் எரியவில்லை" என்று அவர் சொன்னால், இறங்கிச் சரிசெய்துவிட்டுப் புறப்படுக.